முடியாத வண்டிக்கு முடிவான விலை

டியர்பார்ன், மிச்சிகன்

நாமக்கல்லில் லாரித் தொழில் நடத்திவரும் மரியாதைக்குரிய மாமா அவர்களின் பார்வைக்கும், அவரைச் சூழ்ந்து அமர்ந்து இம்மடலைக் கேட்கவிருக்கும் உறவினர் அனைவரின் பார்வைக்கும் வணக்கத்துடன் வரையப்படுவது.

மிச்சிகன் மாநிலத்து வீடுகளில், தவணை கட்டி வாங்கிய புதுக் கார் வாசலில் பனியில் நனைந்துகொண்டிருக்க, ஓடாத ஒரு பழைய பிக்கப் வண்டி கொட்டகைக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு உறங்கும் காட்சி அரிதன்று. முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட சிறு சுமை வண்டியே பிக்கப் எனப்படுவது; அத்தகைய பழைய வண்டியொன்றை வாங்கி, நட்டு நட்டாகக் கழற்றி, புதுப்பிக்கத் தொடங்கி, தொடங்கிய வேகம் பாதியில் தணிந்த நிலையில் அது ‘புராஜெக்ட்’ என்னும் பட்டத்தைப் பெறுகிறது. அந்த நிலையில் வண்டிக்கு என்ன விலை என்று மாமா அவர்கள் ஒரே வரியில் கேட்டிருந்தார்கள். ஒரு வரிக் கேள்விக்கு இத்துணை நீண்ட விடை வருவது கேள்வியின் கடினத்தால்தானேயன்றி, அயல்நாட்டில் இருப்போர்க்குத் தமிழில் பேச ஆள் அகப்படாமையால் அன்று என்று கொள்க.

நாமக்கல்லில் ஒரு பழைய லாரியின் மதிப்பை அறிவது ஒப்பீட்டளவில் எளிது; எஃப்.சி. எதுவரை உள்ளது, பெர்மிட் எத்தகையது, டயர் எவ்வளவு தேய்ந்துள்ளது, மாதத்திற்கு எத்தனை லோடு அடிக்கும் என்பவற்றைக் கேட்டு, வண்டி ஈட்டும் பணத்திலிருந்து வண்டியின் விலைக்கு வந்துவிடலாம். ஆனால் மிச்சிகன் கொட்டகையில் உறங்கும் வண்டி எதையும் ஈட்டுவதில்லை. புதுப்பிக்கப்பட்ட பின்னரும் அதன் தொட்டியில் ஒரு மூட்டை சிமெண்டு ஏற்ற உரிமையாளர் உடன்படமாட்டார், ஏனெனில் பெயிண்டில் கீறல் விழும். சுமை ஏற்றவே பிறந்த வண்டி, சுமை ஏற்றாமையாலேயே விலை உயரும் இந்த விந்தையை முதலில் ஏற்றுக்கொண்டாலன்றி மேற்கொண்டு செல்லுதல் இயலாது.

இவ்விந்தைக்கு வரலாறு உண்டு. ஃபோர்டு நிறுவனம் 1925-இல் மாடல் டி வண்டியின் பின்புறம் சரக்குத் தொட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றபோது, அதனை வாங்கியோர் பெரும்பாலும் உழவரும் சிறு வணிகருமாக இருந்தனர். 1948-ஆம் ஆண்டு மாடலாக அறிமுகமான அதே நிறுவனத்தின் எஃப் வரிசை, 1977 முதல் இந்நாட்டில் மிகுதியாக விற்கும் பிக்கப்பாக நிலைபெற்றது. இடையில், அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி விதித்ததற்குப் பழிவாங்கும் வகையில், 1964-இல் அயல்நாட்டுச் சிறு சுமை வண்டிகளின் மீது 25 விழுக்காடு இறக்குமதி வரி விதிக்கப்பட்டு, ‘கோழி வரி’ என்ற பெயரில் இன்றளவும் நீடிக்கிறது. கோழியின் பொருட்டு லாரிக்குத் தண்டனை விதித்த இந்த ஏற்பாட்டால் உள்நாட்டுப் பிக்கப்புக்குப் போட்டி குறைந்தது. இங்குள்ளோரின் அப்பாவின் வண்டியும் தாத்தாவின் வண்டியும் உள்நாட்டு வண்டிகளாகவே அமைந்தன. இன்று கொட்டகைகளில் உறங்குபவையும் அவற்றின் உடன்பிறப்புகளே.

ஆய்வின் பொருட்டு 1970-ஆம் ஆண்டின் செவர்லே சி-10 வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஃபோர்டின் தலைமையிடமான டியர்பார்னில் செவர்லேயைப் புகழ்வது அக்கம்பக்கத்து உறவுக்கு நல்லதன்று என்றாலும், 1967 முதல் 1972 வரை வெளிவந்த அத்தலைமுறை வண்டிகளை நாடுவோர் மிகுதி. இப்பெயரில் ‘சி’ என்பது இருசக்கர இயக்கத்தையும், ‘10’ என்பது அரை டன் வகையையும் குறிக்கும். நாற்சக்கர இயக்கம் கொண்டது ‘கே’ எனப்படும். இதன் தொட்டி ஆறரை அடி, எட்டு அடி என இரு நீளங்களில் வந்தது. எட்டு அடித் தொட்டி கூடுதல் சரக்கு ஏற்றும், ஆதலால் அதற்கே விலை அதிகம் என்று கருதும் நாமக்கல் அறிவு இங்குச் செல்லாது. குட்டைத் தொட்டி பார்வைக்கு எடுப்பாக இருப்பதால் அதற்கே விலை அதிகம். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் 1971-ஆம் ஆண்டு மாடலில்தான் இயல்பான பொருத்தமாக வந்தது என்பதால், 1970-ஆம் ஆண்டு வண்டியை வாங்குபவர் அதற்கு மாற்றும் செலவையும் மனத்தில் வைத்தே பேரம் பேசுவார். பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் முதுகுப்புறத்தில், அறைக்குள்ளேயே அமைந்திருப்பதையும் கூறியாக வேண்டும். அதனை வெளியே மாற்றுவதும் பலருடைய செலவுப் பட்டியலில் இடம்பெறுகிறது.

அரைகுறை வண்டியின் மதிப்பைத் தீர்மானிப்பவற்றுள் முதலாவது காகிதம். ஊரில் ஆர்.சி. புத்தகம் ஆற்றும் பணியை இங்கு ‘டைட்டில்’ என்னும் உரிமைச் சான்று ஆற்றுகிறது. மிச்சிகனில் அதனை வழங்குவது மாநிலச் செயலரின் அலுவலகம். சான்றில் உள்ள எண்ணும், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் அறையப்பட்டுள்ள தகட்டின் எண்ணும் ஒத்திருந்தால் அது வண்டி. ஒத்திராவிட்டால், அல்லது சான்றே இல்லாவிட்டால், அது வண்டி வடிவில் அடுக்கப்பட்ட உதிரிப் பொருள்களின் தொகுதி மட்டுமே. சான்று எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று கூறும் உரிமையாளர், எந்தப் பெட்டியில் என்று கேட்டவுடன் வானிலை குறித்துப் பேசத் தொடங்குவதுண்டு.

இரண்டாவது துரு. டெட்ராய்ட் நகருக்கு அடியில், சுமார் 1,200 அடி ஆழத்தில், ஒரு பெரிய உப்புச் சுரங்கம் உள்ளது. அதிலிருந்து வெட்டியெடுக்கப்படும் உப்பு, குளிர்காலத்தில் பனிக்கட்டியை உருக்குவதற்காகச் சாலைகளில் தூவப்படுகிறது. நிலத்தின் மேலே வண்டி செய்து, நிலத்தின் கீழிருந்து அவ்வண்டியைத் தின்னும் உப்பை எடுத்து, பின்னர் புது வண்டி விற்கும் இவ்வட்டாரப் பொருளாதாரத்தின் நேர்த்தியை வியக்காமல் இருக்க முடியாது. உப்புநீர் தேங்கும் இடங்களான ஓட்டுநர் அறையின் பின்மூலைகள், கதவுக்குக் கீழுள்ள நீள்தகடு, தரைத்தகடு ஆகியவை முதலில் அரிக்கப்படும். அவற்றை வெட்டி மாற்றலாம். சட்டகமாகிய சேஸிஸ் அரிக்கப்பட்டிருந்தால் பேரம் அங்கேயே முடிகிறது. ஆகவே அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்திலிருந்து வந்த வண்டி என்றால், பெயிண்ட் வெயிலில் வெளுத்திருந்தாலும், வாங்குபவரின் குரலில் மரியாதை கூடுகிறது. டிங்கரிங் வேலை ஒழுங்காகச் செய்யப்பட்டதா, ஓட்டையைப் பட்டி அப்பி மறைத்திருக்கிறார்களா என்பதை அறிய, விவரம் அறிந்தோர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்துடன் வருவர். இரும்பில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியின் மீது ஒட்டாமல் நழுவி விழும்போது, விலையும் அதனுடன் சேர்ந்து விழும்.

மூன்றாவது முழுமை. இஞ்சின்தான் கடினமான பகுதி என்று வெளியார் அஞ்சுவர்; உண்மையில் செவர்லேயின் 350 கன அங்குல வி-8 இஞ்சினுக்கு உதிரிப் பொருள் தாராளமாகக் கிடைப்பதால் அதன் செலவை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். கணக்கிட முடியாதவை, காப்பி டப்பாக்களில் கலந்து கிடக்கும் திருகுகள், எந்தக் கதவுக்கு உரியது என்று தெரியாத கீல்கள், கழற்றிய நாளில் நினைவில் இருந்து இன்று நினைவில் இல்லாத ஒயர் இணைப்புகள் ஆகியவையே. வண்டியைக் கழற்றியவரே அதன் ஒரே வரைபடமாக இருப்பதால், பெயர்ச்சீட்டு ஒட்டிய பைகளில் பொருள்களை வைத்திருப்பவரின் வண்டி, ஒட்டாதவரின் வண்டியைவிடக் கூடுதல் விலை பெறுவது நியாயமே. ‘நிறுத்தியபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது’ என்னும் உறுதிமொழிக்கோ விலை ஏதும் இல்லை. நிறுத்தப்பட்ட எல்லா வண்டிக்கும் அது பொருந்தும்.

விலைப் பட்டியலைப் பார்த்தால் போதாதா என்று மாமா அவர்கள் வினவக்கூடும். கெல்லி நீலப் புத்தகம் என்னும் பழைய கார் விலைப் பட்டியல் 1926 முதல் புகழ்பெற்றது. மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில் தலைமையிடம் கொண்ட ஹேகர்ட்டி என்னும் காப்பீட்டு நிறுவனம், பழம்பெரும் வண்டிகளை ஒன்று முதல் நான்கு வரை தரப்படுத்தி விலை வெளியிடுகிறது. ஆயினும் நான்காம் தரத்து வண்டிகூடத் தானாக ஓடி வந்து சேரும் வண்டியே. டிரெய்லரில் ஏறி, மூன்று அட்டைப்பெட்டிகள் பின்தொடர வருவதற்கு அங்குத் தரம் வகுக்கப்படவில்லை.

பட்டியல் கைவிட்ட இடத்தில் உரிமையாளரின் நோட்டுப் புத்தகம் நுழைகிறது. இதுவரை செலவானது அனைத்தையும் கூட்டி, அதுவே விலை என்று அவர் கருதுகிறார். திரும்பப் பெற இயலாதபடி செலவாகிவிட்ட தொகையை, இனி எடுக்கும் முடிவுக்கு ஆதாரமாக்கலாகாது என்பது பொருளியலின் அடிப்படைப் பாடம்; அத்தகைய தொகையை ஆங்கிலம் ‘மூழ்கிய செலவு’ என்கிறது, தமிழர் ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். தன்னிடம் உள்ள பொருளை, அது தன்னிடம் இருப்பதனாலேயே ஒருவர் உயர்வாக மதிப்பதை உடைமை மயக்கம் எனலாம். கானமன், நெட்ச், தேலர் ஆகிய அறிஞர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பிக் குவளை கையில் இருந்த மாணவர்கள் கேட்ட விலை, குவளை இல்லாத மாணவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. தன் கையால் பூட்டிய பொருளின்மீது மிகைமதிப்பு ஏற்படுவதை நார்ட்டன், மோக்கான், ஏரியலி ஆகியோர் 2012-இல் காட்டினர். ஆனால் வேலை முற்றுப்பெறாதபோது அம்மிகைமதிப்பு மறைந்துவிடுகிறது என்றும் அவர்களே கண்டனர். பிக்கப் உரிமையாளர்களை அவர்கள் ஆய்வுக்கு உட்படுத்தியிருந்தால் அம்முடிவைத் திருத்த நேர்ந்திருக்கும்.

சரியான கணக்கு எதிர்த்திசையில், வண்டி முடிந்த நிலையிலிருந்து பின்னோக்கி நடக்கிறது. எடுத்துக்காட்டாக மட்டும் சில தொகைகளைக் கொள்வோம்: முழுமையாகப் புதுப்பித்த வண்டி 30,000 டாலருக்கு விற்கும், மீதமுள்ள வேலையில் டிங்கரிங்கும் பெயிண்டும் 10,000, பிரேக்கும் டயரும் 2,500, ஒயரிங் 1,000, இருக்கையும் கண்ணாடியும் 3,000, குரோம் பூச்சு 1,500 என மொத்தம் 18,000 ஆகும், மிஞ்சுவது 12,000. பிரித்துப் பார்த்த பின்னரே தெரியவரும் கேடுகளுக்காக மீத வேலையில் மூன்றில் ஒரு பங்கான 6,000-ஐயும், வாங்குபவரின் உழைப்புக்கும் துணிச்சலுக்குமாக 2,000-ஐயும் கழித்தால் எஞ்சுவது 4,000 டாலர். உரிமையாளரின் நோட்டில் இருப்பதோ வண்டி 7,000, இஞ்சின் ஓவராயில் 6,000, உதிரிப் பொருள் 9,000 என 22,000. இடையிலுள்ள 18,000 டாலரை எவரும் ஏமாற்றி எடுத்துக்கொள்ளவில்லை. பல சனிக்கிழமைகள் வீட்டு வேலையிலிருந்து தப்புவதற்காக முறைப்படி செலுத்தப்பட்ட கட்டணமாகவே அதனைக் கருத வேண்டும்.

கழித்துக்கொண்டே போய்க் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே இறங்கினாலும் விலைக்கு ஓர் அடித்தளம் உண்டு: கதவு, இஞ்சின், கியர்பாக்ஸ், குட்டைத் தொட்டி எனப் பிரித்து விற்றால் கிடைப்பது ஒன்று, காயலான் கடையில் எடைக்குப் போட்டால் கிடைப்பது மற்றொன்று. பிரித்து விற்கும் வழியில் பணம் கூடுதலாக வந்தாலும், எவரும் விரும்பாத மிச்சம் நெடுங்காலம் கொட்டகையிலேயே தங்கிவிடும் என்பதால், கொட்டகையைத் திரும்பப் பெற விரும்பும் குடும்பத்தார் எடைக் கடைக்கே வாக்களிக்கின்றனர்.

ஆகவே அரைகுறை வண்டியின் விலை, அதற்கு இதுவரை ஆன செலவன்று. முடிந்த வண்டியின் விலையிலிருந்து, முடிக்க ஆகும் செலவையும் முடிக்கப்போகிறவரின் தொல்லையையும் கழித்தபின் மிஞ்சுவதே அதன் விலை. வெளிநாட்டுப் பிள்ளைகள் யாரேனும் இத்தகைய வண்டியின் படத்தை அனுப்பி மகிழ்ந்தால், உறவினர் அனைவரும் உரிமைச் சான்று உண்டா, சேஸிஸில் துரு உண்டா, கழற்றிய பொருள்களுக்குப் பெயர்ச்சீட்டு உண்டா என்ற மூன்றை மட்டும் கேட்குமாறும், எவ்வளவு செலவாயிற்று என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் கேளாதிருக்குமாறும் பணிவன்புடன் வேண்டப்படுகிறது.

வணக்கத்துடன்,
மிச்சிகன் வாழ் மருமகன்