தெற்குத் திருவிதாங்கூர் இரைப்பை: முதலாண்டுச் செவிலியருக்கு ஒரு சிறு சாஸ்திரம்

உடற்கூறியல் வகுப்பு எலும்பில் தொடங்குவது எங்கும் உள்ள வழக்கம். 206 எலும்புகளின் பெயரையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் மாணவிக்கு உள்ளுறுப்பு கண்ணில் படும். ஒற்றசேகரமங்கலம், வெள்ளறடை, காரக்கோணம், பாறசாலை வட்டாரத்திலிருந்து நர்சிங் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பாடம் இரைப்பையில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த மண்ணின் மக்கள் தங்கள் வயிற்றைக் கொண்டே மருத்துவத்துக்குப் பாடம் சொன்னவர்கள். அவர்களுடைய பேத்திகள் அந்தப் பாடத்தைக் கடைசி அலகில் படிப்பது முறையல்ல.

முதலில் இடம். இரைப்பை தொப்புளுக்கு நேரே இல்லை. விலா எலும்புகளின் இடப்பக்க வளைவுக்குக் கீழே, உதரவிதானத்தை ஒட்டி, பெரும்பகுதி இடப்புறமாகக் கிடக்கிறது. காலியாக இருக்கும்போது சுருங்கி மடிப்பு மடிப்பாக இருக்கும். வயிறார உண்டால் ஒன்று, ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். உணவுப்பாதையின் மற்றப் பகுதிகளில் தசை இரண்டு அடுக்கு. இங்கே சாய்வாக ஓடும் மூன்றாவது அடுக்கு ஒன்றும் உண்டு. ஆட்டுக்கல்லில் மாவு புரள்வதுபோல உணவு புரண்டு கூழாவது அந்த மூன்று அடுக்கும் சேர்ந்து பிசைவதால்தான்.

இனி ஒரு வாய் மரச்சீனியையும் சாளைக் குழம்பையும் பின்தொடர்வோம். விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை ஆண்டபோது திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்ப முனைந்தார்; பஞ்ச காலங்களில் ஏழை வீட்டின் அடுப்பு அதனால் எரிந்தது. கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு பிரியும். தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்த பானையில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுகிற நம் வீட்டுப் பழக்கம் நஞ்சு நீக்கும் முறை. அதில் ஒரு படியைக்கூடக் குறைக்கக் கூடாது. மீதமிருக்கும் சிறு அளவு சயனைடை உடல் கந்தகத்தோடு சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றும். அதற்கு வேண்டிய கந்தகம் புரதத்திலிருந்து வருகிறது. மரச்சீனியில் புரதம் மிகக் குறைவு, சாளையில் நிறைய. கிழங்குக்குத் தொடுகறியாக மீனை வைத்தவர்கள் வேதியியல் படித்தவர்களல்லர், ஆனாலும் அந்தச் சேர்க்கை சரியானது. மீன் வாங்க வழியில்லாமல் வெறும் கிழங்கும் காந்தாரி மிளகாயும் தின்று காலம் தள்ளிய வீடுகளில்தான் கேடு.

வாயில் உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. இரைப்பைக்குள் போனதும் அமிலம் அந்த வேலையை நிறுத்திவிடும். மாவுச்சத்து கணையநீருக்காகச் சிறுகுடல்வரை காத்திருக்க வேண்டும். இரைப்பையின் சொந்த வேலை புரதம். சுவரிலுள்ள செல்களில் ஒரு வகை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. இன்னொரு வகை பெப்சினோஜனைச் சுரக்கிறது. அமிலம் பட்டதும் அது பெப்சினாகி மீனின் புரதத்தைத் துண்டு போடுகிறது. நாளொன்றுக்கு இப்படி 2 முதல் 3 லிட்டர் இரைப்பைநீர் ஊறுகிறது. இறைச்சியைக் கரைக்கும் இந்த நீர் இரைப்பையையே ஏன் கரைக்கவில்லை? உட்சுவரின் மேல் சளிப்படலம் ஒன்று பைகார்பனேட்டோடு கெட்டியாகப் படிந்திருக்கிறது. அடியிலுள்ள செல்களும் சில நாட்களுக்கொரு முறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகின்றன. இந்தக் காவல் தளரும் இடத்தில் புண் வருகிறது. முதலாண்டு மாணவி மனத்தில் ஊன்ற வேண்டிய முதல் வாக்கியம் இதுதான் என்பேன்.

இந்த அறிவெல்லாம் எப்படிக் கிடைத்தது? 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் கூலியாளின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைக்குள் திறக்கும் துளை ஆறவேயில்லை. சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட், பட்டு நூலில் இறைச்சித் துண்டுகளைக் கட்டி அந்தத் துளை வழியே விட்டு, குறித்த நேரத்தில் இழுத்துப் பார்த்தார். 1833இல் புத்தகம் வந்தது. செயின்ட் மார்ட்டினுக்கு இந்தச் சோதனைகளில் விருப்பமில்லை. பலமுறை ஊருக்குப் போய்விட்டார். 1880இல் அவர் இறந்தபோது குடும்பத்தார் உடலை மருத்துவர்களிடம் கொடுக்க மறுத்தார்கள். அவர்கள் செய்தது சரி. நாம் படிக்கும் ஒவ்வொரு பத்திக்கும் அடியில் ஒரு மனிதரின் உடம்பு கிடக்கிறது.

நம் பக்கத்து உடம்புகளின் கதை தெற்குத் திருவிதாங்கூரின் நெய்யூரில் இருக்கிறது. லண்டன் மிஷன் அங்கே 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் 1922இல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டுத் திரும்பும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தையும், அங்கே ஒற்றை ஆளாக நின்ற மருத்துவரையும் கண்டவர், லண்டனில் தனக்காகக் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே வந்துசேர்ந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போனார். செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தைத் தொட்டு இறங்கும்போது மூச்சு அடியோடு நின்றது. வறண்ட குளிர்காற்றில் அவருடைய தொண்டையின் உட்சவ்வு செத்து உரிந்து குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக இரு கையாலும் மார்பை அழுத்தி இருமினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. மூக்கும் தொண்டையும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித்தான் நுரையீரலுக்கு அனுப்புகின்றன என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. தொண்டையில் துளையிட்ட நோயாளிக்கு ஆக்சிஜனை ஏன் ஈரப்படுத்திக் கொடுக்கிறோம், சளியை ஏன் ஓயாமல் உறிஞ்சி எடுக்கிறோம் என்று கேட்கும் மாணவியிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

அப்படிப் பிழைத்துவந்தவர் நெய்யூரில் எதிர்கொண்டது இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலின் புண்ணை. தெற்குத் திருவிதாங்கூரில் அது அவ்வளவு பரவலாக இருந்தது. புண் ஆறும், மறுபடி வரும், தழும்பு சுருங்கும். கடைசியில் இரைப்பையின் வெளிவாய் அடைபடும். அடைபட்ட நோயாளியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முந்தின நாள் மத்தியானம் தின்ற சோறு இன்று சாயங்காலம் வாந்தியில் அப்படியே வரும். அதில் பித்தத்தின் பச்சை இருக்காது, ஏனென்றால் பித்தநீர் சேரும் இடம் அடைப்புக்கு அப்பால். மெலிந்த வயிற்றின் தோலுக்கடியில் இடமிருந்து வலமாக ஒரு புடைப்பு மெல்ல நகரும். இடுப்பைப் பிடித்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும். இந்த வாந்தியோடு அமிலமும் போகிறது. இரத்தம் காரத்தன்மை அடைகிறது, பொட்டாசியம் குறைகிறது, இதயத் துடிப்பு தடுமாறலாம். ஆகையால் வாந்தியின் அளவு, நிறம், நேரம் மூன்றையும் எழுதிவைப்பது செவிலியரின் முக்கியமான வேலை. இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்து மாற்றுவழி போடும் அறுவையை சோமர்வெல் ஆயிரக்கணக்கில் செய்தார். 1936இல் ஓர் (Orr) என்ற சக மருத்துவருடன் சேர்ந்து அந்த அனுபவத்தை பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். உலகம் படித்த அந்தக் கட்டுரையின் நோயாளிகள் நம் முன்னோர்.

மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956 நவம்பர் 1 அன்று நெய்யூர் சென்னை மாநிலத்துக்குப் போனது; நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. எல்லைக்கு இப்புறம் காரக்கோணத்தில் 2002இல் தொடங்கிய சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி சோமர்வெல்லின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இந்தப் புண்ணுக்குக் காரணம் என்ன என்று சோமர்வெல் காலத்தில் பலவாறு தேடினார்கள். உணவையும் மிளகாயையும் குறைசொன்னார்கள். 1984இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் ஒரு பாக்டீரியாக் கலவையைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, அமிலத்துக்கு நடுவே உயிர்வாழ்கிறது. 2005இல் மார்ஷலுக்கும் அவருடைய சக ஆய்வாளர் ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்தது. கத்தி செய்த வேலையை இன்று இரண்டு வார மாத்திரை செய்கிறது. மிச்சமிருக்கும் பெரிய காரணம் மூட்டுவலி மாத்திரை. ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றில் ஒரு கட்டன்சாயாவும் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையும் போட்டுக்கொண்டு மேடேறுகிறார். அவரிடம் "வேற மருந்து உண்டா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்பார், அதை அவர் மருந்தாகவே எண்ணுவதில்லை. "முட்டுவலிக்கு என்ன போடுதீங்க, அண்ணே?" என்று கேட்க வேண்டும். மலம் தாரைப்போலக் கறுத்துப் போகிறதா என்றும் கேட்க வேண்டும். புண்ணின் இரத்தக் கசிவால் மட்டுமல்ல, இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதையும் விசாரிக்கலாம்.

வலியைக் காட்டும் கையைக் கவனியுங்கள். முன்சிறுகுடல் புண்காரர் பெரும்பாலும் மேல்வயிற்றில் ஒரு விரலை ஊன்றிக் காட்டுவார். ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பும், ஏதாவது தின்றால் அடங்கும் என்பார். மாரடைப்புக்காரர் நெஞ்சில் கையைப் பொத்தி வைப்பார். ஆனால் இதை நம்பி ஏமாறக் கூடாது. இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அங்கே இரத்தம் தடைபட்டால் வலி மேல்வயிற்றிலேயே தெரியும், குமட்டலும் வரும். "ஒண்ணுமில்ல மக்களே, வாயு" என்று வியர்த்தபடி சொல்லும் அறுபது வயது அம்மச்சிக்கு, அதிலும் சர்க்கரை நோய் இருந்தால், ஜெலுசில் கொடுக்குமுன் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

வார்டில் மேல்வயிற்றின் நடுக்கோட்டில் பழைய தழும்போடு முதியவர்கள் வருவார்கள். எந்த வருடம், எங்கே, என்ன செய்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்திருந்தால், பி12 வைட்டமினை உறிஞ்ச உதவும் சுரப்பு குறைந்திருக்கும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை பல ஆண்டு கழித்தே வெளிப்படும். கண் இமையைக் கீழிழுத்து வெளுப்பைப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள், பாதத்தில் மரத்துப்போகிறதா என்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். நரம்பில் விழுந்த சேதம் நாள்பட்டால் முழுதாகத் திரும்பாது.