பல்லைப் பிடிச்சுப் பாத்தியா, மாப்ளே?

வாங்கியே புட்டியாக்கும்! புதுசுக்குக் குடுக்குற காசுல பாதிதான், ஒரு டிபி ஹார்டு டிஸ்க்கு, பில்லு கிடையாது, டப்பா கிடையாது, பழைய பேப்பருல சுத்திக் குடுத்தாரு, ஆளு ரொம்பத் தங்கமான மனுசன்... கேக்கவே குளுகுளுன்னு இருக்கு மாப்ளே. அந்தத் தங்கமான மனுசன் உன் போன் நம்பரை வாங்கி வச்சுக்கிட்டாரா? வாங்கியிருக்க மாட்டாரே. உன்னை மறுபடியும் பாக்கணும்னு அவருக்கு ஒண்ணும் ஆசை இல்ல.

சரி, மூஞ்சியைத் தூக்காத. மாமன் சொல்லாம வேற எவன் சொல்லுவான்? மாட்டுத் தரகு பாத்த கை இது. இப்ப உன் மச்சான் கம்ப்யூட்டர் கடை போட்டுட்டான்னு கல்லாவுல உக்கார வச்சிருக்கான். துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசுன காலத்துலகூட, பல்லைப் பிடிச்சு ரெண்டு பல்லா, நாலு பல்லான்னு பாக்காம எவனும் கயித்தைக் கையில வாங்க மாட்டான். காலேஜுல படிச்ச நீ, டிஸ்க்கைத் திருப்பிப் பாத்துட்டு 'லேபிளு கிழியாம இருக்கு மாமா'ங்கிற.

டிஸ்க்குக்கும் பல்லு உண்டு. ஸ்மார்ட்டுன்னு பேரு. ஒவ்வொரு டிஸ்க்கும் தான் பட்ட பாட்டைத் தானே கணக்கு எழுதி வச்சுக்கும். அதைப் படிச்சுக் காட்ட கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு புரோகிராம் இருக்கு. ஓசிதான், ஓசின்னா உனக்குச் சொல்லவா வேணும். அதுல பவர் ஆன் அவர்ஸ்னு ஒரு வரி வரும். வருசத்துக்கு 8,760 மணி நேரம். அங்க 40,000ன்னு நின்னுச்சுன்னா, நாலரை வருசம் கண்ணை மூடாம ஓடியிருக்குன்னு அர்த்தம். 'ஆபீஸ்ல ஒரு மேடம் லெட்டர் அடிக்க வச்சிருந்தது'ன்னு உன் தங்கமான மனுசன் சொன்னாரே, அந்த மேடம் ராத்திரி மூணு மணிக்கும் லெட்டர் அடிச்சிருக்காங்க, பாவம். லேபிளு ஊதா கலரா, வெஸ்டர்ன் டிஜிட்டலா? அப்ப மேடமும் இல்ல, லெட்டரும் இல்ல. அந்தக் கம்பெனி ஊதா டிஸ்க்கை சிசிடிவிக்குன்னே செய்யுது. எவன் கடை வாசலையோ ராப்பகலாப் படம் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கும்.

மணி நேரம் கூடிப்போச்சுன்னு மட்டும் வச்சு ஒதுக்கிடாத. உழைச்சும் தெம்பா இருக்குற டிஸ்க்கு உண்டு. நான் பாக்கச் சொல்றது வேற ரெண்டு வரி. ஒண்ணு ரீஅலொகேட்டட் செக்டார். கெட்டுப்போன இடத்தை ஒதுக்கிட்டு, கையிருப்புல கிடந்த நல்ல இடத்தை மாத்திப் போட்டுக்கிட்ட கணக்கு அது. இன்னொண்ணு கரண்ட் பெண்டிங் செக்டார். படிக்க முடியாம முழிச்சுக்கிட்டு, கெட்டதா நல்லதான்னு இன்னும் முடிவு தெரியாமக் கிடக்குற இடம். ரெண்டுலயும் முட்டை இருக்கணும். பரீட்சையில நீ வாங்குன முட்டைக்கு இல்லாத மரியாதை இங்க உண்டு. இதுல ஒரு குசும்பு கேளு: அந்தப் புரோகிராம் இந்த எண்ணை நம்ம பத்தாங்கணக்குல காட்டாது, பதினாறாங்கணக்குல காட்டும். 64ன்னு பாத்துட்டு 'அம்புட்டுத்தானா'ன்னு நீ நெஞ்சை நிமித்துவ. நிசத்துல அது 100. செட்டிங்ஸ்ல போயி மாத்திக்கிட்டுப் பாரு. அந்த எண்ணு நாளுக்கு நாள் ஏறுச்சுன்னா, டிஸ்க்கு மூட்டை கட்டிக்கிட்டு இருக்கு.

பல்லையே ராவி வைக்கிறவன் இருக்கானேன்னு கேப்ப. இருக்கான். 2025 தொடக்கத்துல ஜெர்மனியில ஒரு கூத்து நடந்துச்சு. சீகேட் கம்பெனியோட பெரிய பெரிய டிஸ்க்கு, புதுசுன்னு சொல்லிப் புது விலைக்கே வித்திருக்கானுக. ஸ்மார்ட்டைப் பாத்தா ஓடுன நேரம் ஒண்ணுமே இல்ல, பச்சைப் புள்ள. ஆனா சீகேட் டிஸ்க்குல ஃபார்ம்னு இன்னொரு கணக்கும் உள்ளுக்குள்ள ஓடும். அதைத் தோண்டிப் பாத்தா ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடுனது நிக்குது! சியான்னு ஒரு டிஜிட்டல் காசு, 2021ல வந்தது. ஹார்டு டிஸ்க்கு இடத்தை ரொப்பி ரொப்பிச் சம்பாதிக்கிற சூதாட்டம். அந்தப் பட்டறையில கிடந்த டிஸ்க்காத்தான் இருக்கும்னு அங்க சந்தேகப்பட்டாங்க. சீகேட்டா இருந்தா ஸ்மார்ட்மான்டூல்ஸ்னு ஒரு புரோகிராம் அந்த ரெண்டாவது கணக்கையும் காட்டும். கணக்கு எம்புட்டு நல்லா இருந்தாலும் காதையும் கொஞ்சம் வை. டக்... டக்னு தாளம் போட்டுச்சுன்னா அது பாட்டு இல்ல. வந்த வழியே கொண்டு போயிக் குடு, அந்த மனுசன் அங்கயே இருந்தா.

அப்புறம் உள்ள என்ன கிடக்குன்னு பாத்தியா? ஆவலாப் பாத்திருப்ப, உன் புத்தி எனக்குத் தெரியாதா. எம்ஐடியில படிச்ச கார்ஃபிங்கல், ஷெலாட்னு ரெண்டு பேரு, பழைய டிஸ்க்கா 158 வாங்கி நோண்டி, 2003ல கட்டுரை எழுதுனாங்க. படிக்க முடிஞ்சது 129. ஒழுங்காத் துடைச்சுக் குடுத்தது அதுல வெறும் 12. மத்ததுல கிரெடிட் கார்டு நம்பரு ஆயிரக்கணக்குல கிடந்துச்சு; ஒரு டிஸ்க்கு ஏடிஎம் மெசினுக்குள்ள இருந்து வந்ததாம். படிச்சவன் வித்த லட்சணம் அது. அதனால கிடைச்ச ஊரான் குடும்பப் போட்டோவை மரியாதையா அழிச்சுப்புடு. இன்னொண்ணு மாப்ளே, போன மாசம் உன் பழைய டிஸ்க்கை நீயும் எவனுக்கோ வித்தியே... சரி விடு, தூக்கம் கெட்டுப்போகும்.

மாட்டுறதுக்கு வா. முதல்ல பிளக்கைப் புடுங்கு. 'சுவிட்சை அணைச்சுட்டேன் மாமா'ங்காத, புடுங்கு. கேபினட்டோட இரும்பை ஒரு தடவை தொட்டுக்க, உடம்புல கிடக்குற கரண்டு இறங்கட்டும். சாட்டா வயரு 'ட' மாதிரி வளைஞ்சிருக்கும், ஒரு பக்கமாத்தான் போகும். திருப்பி வச்சுக் குத்துனா அந்தப் பிளாஸ்டிக் நாக்கு பட்டுனு ஒடியும். டிஸ்க்கு நல்லா இருந்தும் பிரயோசனம் இல்ல. எஸ்எம்பிஎஸ்ல சாட்டா பவர் முனை இல்லன்னா மோலெக்ஸ்ல இருந்து மாத்துற முனை விக்கிறான். அதுலயும் வயரை உள்ள வச்சு பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்துன ரகத்தை வாங்காத. அது சூடேறித் தீப்பிடிச்ச கதை உண்டு. இருபது ரூவா மிச்சம் பிடிக்கப்போயி வீட்டைக் கொளுத்தாத. ஸ்க்ரூ நாலு போடச் சொன்னா நாலும் போடு. நிமிசத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துற சாமான், ஒத்தை ஸ்க்ரூவுல தொங்கவிட்டா அதிராம என்ன செய்யும்? எல்லாம் சரியா மாட்டியும் கம்ப்யூட்டரு கண்டுக்கலன்னா உடனே டிஸ்க்கைத் திட்டாத. சில மதர்போர்டுல எம்.2 எஸ்எஸ்டி போட்டிருந்தா, ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட்டு தன்னால செத்துப்போகும். வேற போர்ட்டுல மாட்டிப் பாரு.

ஆன் பண்ணதும் 'நல்வரவு'ன்னு எவன் பேரோ வந்துச்சுன்னா பேயின்னு ஓடாத. பழைய டிஸ்க்குல கிடக்குற விண்டோஸ்தான் எந்திரிச்சிருக்கு. பயாஸ்ல போயி உன் டிஸ்க்கை முதல்ல வை. அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட். அழிக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க் 0வா, டிஸ்க் 1ஆ, அளவு என்னன்னு ரெண்டு தரம் வாய்விட்டுப் படி. உன் தங்கச்சி கல்யாணப் போட்டோ இருக்குற டிஸ்க்கை அழிச்சுட்டு 'இடம் நிறையக் கிடைச்சிருச்சு மாமா'ன்னு வந்தா, உங்க அம்மாகிட்ட நான் பேச மாட்டேன். பார்ட்டிஷனுக்கு ஜிபிடியைப் போடு. பழைய முறை எம்பிஆர், அது 2 டிபிக்கு மேல எட்டாது. ஒரு டிபி டிஸ்க்குல 931 ஜிபிதான் காட்டுதுன்னு வித்தவன்கிட்ட மல்லுக்குப் போகாத. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாப் பெருக்குறான், விண்டோஸ்காரன் 1,024ஆல வகுக்குறான். அந்த ஒரு விசயத்துல உன் தங்கமான மனுசன் நிரபராதி.

குயிக் ஃபார்மேட்டுன்னு ஒரு டிக்கு இருக்கும், அதை எடுத்துடு. முழு ஃபார்மேட்டு மணிக்கணக்கா இழுக்கும், இழுக்கட்டும். மூலை முடுக்கெல்லாம் எழுதிப் பாத்துரும். சந்தேகத்துல கிடந்த செக்டாரெல்லாம் ஒரு முடிவுக்கு வந்துரும். முடிஞ்சதும் அந்த ரெண்டு வரியை மறுபடி பாரு. முட்டை முட்டையாவே நின்னா டிஸ்க்கு உனக்கு ராசி. எண்ணு ஏறியிருந்தா, பேப்பர் வெயிட்டுக்கு ஆச்சு.

தேறுனாலும் அதுல என்ன போடுறதுன்னு கேளு. டவுன்லோடு பண்ணுன சினிமா, கேமு, மச்சான்கிட்ட இருந்து சுட்ட பாட்டு, இதெல்லாம் தாராளமாப் போடு. போனாலும் மறுபடி எடுத்துக்கலாம். உங்க அப்பன் பத்திர ஸ்கேனும், புள்ள முதப் பொறந்தநாள் வீடியோவும் அதுல இருந்தா, வேற எங்கயாச்சும் ஒரு காப்பி கட்டாயம் இருக்கணும். இம்புட்டும் கேட்டும் நீயா மாட்ட வரலன்னா, டிஸ்க்கையும் வயரையும் தூக்கிக்கிட்டு கடைக்கு வா. மாட்டுக் கூலி மச்சான் வாங்க மாட்டான், நான் வாங்குவேன். ஞாயித்துக்கிழமை கடை லீவு.