மாவேலிக்கு மஞ்சள் காமாலை

கரமனை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள ஆச்சிக்கு,

நல்லா இருக்கேன். "வெளிநாட்டுல பிள்ளை என்ன பாடு படுதோ"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு இருக்கீங்களாமே, அம்மா போன்ல சொன்னா. ஆச்சி, நாகர்கோவில்ல ரயிலேறி ஒரு தூக்கம் போட்டு எழும்புறதுக்குள்ள வந்துரும் இந்த வெளிநாடு. நீங்க பிறந்தப்போ நம்ம ஊரும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ம் தேதிதான் நம்மளத் தமிழ்நாட்டோட சேர்த்தாங்க. கணக்குப் பார்த்தா நாடு மாறினது நீங்கதான், அதுவும் திண்ணையை விட்டு இறங்காமலே.

"ஏல, காலேஜ்ல பொம்மை வச்சு விளையாடுதியாமே"ன்னு கேட்டீங்களாம். விளையாட்டு இல்ல ஆச்சி, குரூப் ப்ராஜெக்ட். ஸ்டாப் மோஷன்னு பேரு. களிமண் பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு போட்டோ, திரும்ப மயிரிழை, திரும்ப ஒரு போட்டோ. வரிசையா ஓட்டினா பொம்மை நடக்கும். சினிமாவுக்கு ஒரு செகண்டுக்கு 24 படம் வேணும். பெரிய கம்பெனிக்காரங்களே ஒவ்வொரு போட்டோவையும் ரெண்டு தடவை காட்டி 12-ல ஒப்பேத்துவாங்க, நாங்க விடுவோமா? அப்படியும் ஒரு நிமிஷத்துக்கு 720 போட்டோ.

ஓணம் கொண்டாடுற ஊர்ல வேற என்ன கதை? மாவேலி கதைதான். ரெண்டே அடியில மண்ணையும் விண்ணையும் அளந்த வாமனன், எங்க மேசையில ஒரு அடி எடுத்து வைக்க ராத்திரி முழுக்க ஆகுது. மூணாவது அடி மாவேலி தலையில. கால் நிக்கணுமேன்னு ஒருத்தன் கொஞ்சம் அழுத்திட்டான். சக்கரவர்த்தி கழுத்து வரைக்கும் பாதாளத்துக்குப் போயிட்டார். புராணப்படி சரிதான், கன்டினியூட்டிதான் போச்சு.

சாலைக் கடைத்தெருவுல கம்பி வாங்கி முறுக்கி உள்ளே எலும்பு, மேலே காயாத எண்ணெய்க் களிமண். வெயில் நகர்ந்தா நிழலும் நகரும்னு ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால மூடியாச்சு. ஃபேன் போட்டா ஓலைக்குடை ஆடும். ஆக நாலு பேரு, ரெண்டு லைட்டு, காத்து கிடையாது. நாங்க இளைச்சோம், களிமண் இளகி மாவேலி தொப்பை மட்டும் இறங்கிக்கிட்டே போகுது. விரல் பட்ட இடமெல்லாம் தடம் வேற. ஓட்டிப் பார்த்தா தொப்பை உலை மாதிரி கொதிக்குது! 1933-ல வந்த கிங் காங்லயும் இதே கூத்துதான். காரணமே இல்லாம குரங்குக்கு ரோமம் சிலிர்க்கும். நகர்த்தினவங்க கைபட்ட இடம் அது. எங்க டைரக்டர் ரிப்போர்ட்ல "மன்னரின் உள்ளக் கொந்தளிப்பு"ன்னு எழுதிட்டான். பிழைச்சுக்குவான்.

கறுப்புச் சட்டைதான் போடணும்னு ஒரு விதி உண்டு. இல்லாட்டி சட்டை நிறம் லைட்டுல பட்டுப் பொம்மை மேல தெறிக்கும். குழுவுல 'ஐடியா' மட்டும் குடுக்குற ஒரு புண்ணியவான் என்னிக்கோ ஒரு நாள் வந்தான், வந்ததும் மஞ்சள் சட்டையில. அன்னிக்கு எடுத்த காட்சி முழுக்க மாவேலிக்கு மஞ்சள் காமாலை.

இந்த விஷயத்துல சினிமா முன்னோடி பால்கே குடுத்து வச்சவர் ஆச்சி. 1912-ல படம் எடுக்கப் பணம் திரட்டணும்னு, ஒரு பட்டாணிச் செடி முளைச்சு வளர்றதை விட்டு விட்டுப் படம் பிடிச்சுக் காட்டினார். பட்டாணி தானா நகரும். மஞ்சள் சட்டையும் போடாது.

பட்டப்பகல்ல ஜன்னலை மூடிட்டு என்ன பண்றானுகன்னு வீட்டுக்கார மாமி ஒரு நாள் கதவைத் தட்டிட்டாங்க. சத்தம் போடத்தான் வந்தாங்க. பொம்மையைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ராஜாவுக்கு இந்த மீசை போதாதுன்னு சொல்லி, பெருசாக்கின பிறகுதான் எழும்பினாங்க. முதல் பாதியில சின்ன மீசை, பின்பாதியில பெரிய மீசை. சாருக்கு என்ன காரணம் சொல்லலாம்னு ஐடியாக்காரன்கிட்ட விட்டிருக்கோம்.

இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமான்னு மாமா கேட்டாராம். இங்க டெக்னோபார்க்குல டூன்ஸ்னு ஒரு கம்பெனி 1999-லேயே ஆரம்பிச்சிருக்கு. டி.வி.யில வந்த தெனாலிராமன் கார்ட்டூன் அவங்க செஞ்சதுதான். மாமாகிட்ட மறக்காம சொல்லுங்க, கொஞ்சம் சத்தமாவே.

அடுத்த ப்ராஜெக்டுக்கு நம்ம சாமிகளை எடுக்கலாம்னு இருக்கேன். சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரசாமி, பத்மநாபபுரம் சரஸ்வதி மூணு பேரும் நவராத்திரிக்கு ஊர்வலமா இங்க வர்றாங்கல்லா, அதைக் களிமண்ணுல. செகண்டுக்கு 12 போட்டோன்னா, அவங்க நெய்யாற்றின்கரையைத் தாண்டுறதுக்குள்ள நான் டிகிரி முடிச்சிருவேன். நிஜ ஊர்வலத்தோட தெரிஞ்சவங்க யாராவது நடந்து வந்தா முந்திரிக்கொத்து குடுத்து விடுங்க. நாலு பேருக்குக் காணணும். ஐடியாக்காரன் அதுக்கு மட்டும் கரெக்டா வந்துருவான்.

அன்புப் பேரன்