குற்றாலம் குறிஞ்சியா? தம்பதியர் ஒருநாட் சுற்றுலாவை முன்வைத்து ஒரு திணை ஆய்வு

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் உரிப்பொருள் புணர்தல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இந்தச் சூத்திரத்தை நம்பித்தான் புதுமணத் தம்பதியர் ஆண்டுதோறும் குற்றாலத்துக்கு வண்டியேறுகிறார்கள். மலை இருக்கிறது, அருவி இருக்கிறது, குரங்கும் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. ஆகவே நிலம் குறிஞ்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிப்பொருள் அங்கே நிகழ்கிறதா என்று இதுவரை யாரும் களத்தில் இறங்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இறங்கியவர்கள் எல்லாம் குளிக்கப் போய்விட்டார்கள். குற்றாலம் குறிஞ்சியன்று, முல்லையே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதாவது அங்கே நடப்பது இருத்தல். ஒருவர் வரும்வரை இன்னொருவர் காத்திருத்தல்.

முன்னோடி ஆய்வு என்று பார்த்தால் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிதான் முதலில் நிற்கிறது. அதன் தலைவி வசந்தவல்லி பந்தடித்துக்கொண்டிருந்தவள், குற்றாலநாதரின் உலாவைக் கண்டு காதல் வயப்படுகிறாள். காதலித்த மாத்திரத்தில் பிரிவு தொடங்கிவிடுகிறது. அவளுக்குக் குறி சொல்லப் போன குறத்தி சிங்கியைக் காணாமல் கணவன் சிங்கன் தேடி அலைகிறான். கூட நூவன் என்றொரு தோழன் வேறு. அவள் நினைவிலேயே வலைக்கு வந்த பறவைகளையும் கோட்டைவிடுகிறான். கடைசியில் குற்றாலத்துத் தெருவில் அவளைக் கண்டதும் கட்டிக்கொள்ளாமல், காலில் கிடப்பது என்ன, கையில் கிடப்பது என்ன என்று ஒவ்வொரு நகையாக விசாரிக்கிறான். குற்றாலத்துக்கு வந்து பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டுத் தேடிய கணவனைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான சான்று இது. கூட ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு தேனிலவுக்கு வரும் வழக்கத்தின் தொன்மைக்கும் இதுவே சான்று. பிற்காலத்தில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்து கம்பனைக் கொண்டாடினார்; ராஜாஜியும் கல்கியும் அங்கே போய் வந்தார்கள். ஆனால் அது நண்பர் கூட்டம் என்பதால் நம் ஆய்வுக்குத் தரவு குறைவு.

நாள் தென்காசியில் தொடங்குவதே மரபு. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விஸ்வநாதர் கோயிலின் ராஜகோபுரம் சுமார் 180 அடி உயரம். நெடுங்காலம் சிதைந்து கிடந்து, புதுப்பிக்கப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டது. சாரல் காலத்தில் அந்தக் கோபுர வாசலில் நுழையும் காற்றுக்குத் தனி வேகம். சேர்ந்து நுழையும் தம்பதியரில் அவளுக்கு முந்தானையைப் பிடிக்க ஒரு கை, பூவைப் பிடிக்க ஒரு கை. அவனுக்கு, பட்டுவேட்டி கட்டிப் பழக்கமில்லாதவனாக இருந்தால், இரண்டு கையும் போதாது. கைகோத்து நடக்க எந்தக் கையும் மிச்சமில்லை. இதைத் தெய்வச் செயல் என்பாரும் உளர். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று என்பதே ஆய்வாளர் துணிபு.

இனிப் பேரருவி. இங்கேதான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. மேலிருந்து வரும் சிற்றாறு பொங்குமாகடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகே கீழே நிற்கும் மண்டைகளின் மேல் இறங்குகிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் குளிப்பவர் யாரும் வீடு திரும்ப முடியாது. மலை அத்தனை கருணையோடு செய்து வைத்ததை நிர்வாகம் ஒரு கம்பித் தடுப்பால் இரண்டாகப் பிரித்திருக்கிறது: அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். ஐந்தருவியிலும் கிளைகளைப் பாகப்பிரிவினை செய்தாயிற்று. பழைய குற்றாலத்திலும் அதே கதைதான். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடும். அந்த ஒரு சமயத்தில் மட்டும் இருபாலாரும் ஒரே இடத்தில் நின்று, ஒரே தண்ணீரை, உலர்ந்த உடம்போடு சேர்ந்து பார்க்கலாம்.

இதற்கும் மேல் ஒரு சிக்கல் உண்டு. முன்னாய்வாளர் எவரும் கவனிக்காதது. அதுதான் பை. ஜவுளிக்கடைக் கட்டைப்பை, அதற்குள் மாற்றுத்துணி, துண்டு, சீப்பு, பாலித்தீன் உறையில் சுற்றிய இரண்டு செல்போன். கீழே வைத்தால் குரங்கு எடுக்கும், குரங்கு விட்டதை மனிதன் எடுப்பான். உறவினரோடு வந்த தம்பதிக்குக் கவலையில்லை; மாமியார் பையோடு படியில் உட்கார்ந்துகொள்வார், இருவரும் ஒரே நேரத்தில் பிரிந்து குளிக்கலாம். அகப்பாடல்களில் செவிலித்தாய் வகித்த பொறுப்பை இங்கே மாமியார் வகிக்கிறார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. யாரும் வேண்டாம், நாம் மட்டும் போவோம் என்று ஆசையாகக் கிளம்பி வந்த தம்பதிக்கோ ஒரே நேரத்தில் பிரிந்திருக்கும் கொடுப்பினைகூட இல்லை. ஒருவர் குளிக்க, ஒருவர் பைகாக்க வேண்டும். தனிமை கூடக்கூடப் பிரிவும் கூடும் என்ற விதி இதிலிருந்து பெறப்படும்.

அவன் முதலில் போகிறான். அருவிக்குள் தலையைக் கொடுத்த ஆணுக்கு நேரம் என்பது கிடையாது. முதுகில் தண்ணீர் அறைகிறது, பக்கத்தில் நிற்கும் அண்ணாச்சி கைகொடுத்து உள்ளே இழுக்கிறார், மனைவி, மாமனார், வங்கிக் கடன் எல்லாம் மறந்துபோகின்றன. அவள் சாரலில் பாதி நனைந்தபடி, அவனுடைய செருப்பையும் சேர்த்துக் காவல் காக்கிறாள். ஈரத் துண்டோடு அவன் வெளியே வந்ததும் நிகழும் உரையாடல் இது. களத்தில் கேட்டபடி:

“எவ்ளோ நேரமா நிக்கேன் தெரியுமா?”

“இப்பதான போனேன்.”

“இப்பதானா? அந்தா போறாரே, அந்த மனுசன் உங்க கண்ணு முன்னால ரெண்டு தடவை குளிச்சிட்டுப் போறாரு.”

பிறகு தாலிக்கொடியை ஊக்குப் போட்டு ரவிக்கையோடு இறுக்கிவிட்டு அவள் போகிறாள். இப்போது அவன் முறை. பெண்கள் பக்கம் பார்த்துத் தேடினால் போலீஸ் அதட்டும். பார்க்காவிட்டால் அவள் வந்ததும் “தேடக்கூட இல்லைல்லா” என்பாள். ஈர வேட்டியோடு மலையைப் பார்த்தபடி நிற்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது கார். சாரலின் கடைசிப் பகுதி விழும் ஆவணி, காரில் அடங்கும். நிலம் ஒன்றே குறிஞ்சி. பொழுதும் ஒழுக்கமும் முல்லை. தொல்காப்பியர் திணை மயக்கத்துக்கு இடம் கொடுத்திருப்பது நமக்கு நல்லதாயிற்று.

மரபும் இந்தப் பிரிவுக்குத் துணை நிற்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது ஆடி. சித்திரையிலும் வைகாசியிலும் கல்யாணம் முடித்தவர்களில் பெண்ணை, தண்ணீர் நன்றாக விழும் மாதத்தில் பிறந்தவீடு அழைத்துப் போய்விடுகிறது. ஆடியில் குற்றாலத்தில் தனியாக, முகம் வாடி, நண்பர்களோடு குளிக்கும் இளைஞனைக் கண்டால் அவன் புது மாப்பிள்ளை எனத் துணியலாம். நூவன்கள் அப்போதுதான் பெருகுகிறார்கள்.

மதியத்துக்கு மேல் சுந்தரபாண்டியபுரம். ‘ரோஜா’ (1992) வந்த நாளிலிருந்து கேமரா பார்த்துப் பழகிய ஊர் அது. சூரியகாந்தி பூக்கும் மாதங்களில் படம் எடுக்காமல் அந்த வயலைக் கடப்பவர் அரிது. முற்றிய சூரியகாந்தி கிழக்கே பார்த்து நின்றுவிடும். பூவின் முகம் படத்தில் விழ வேண்டுமானால் காலையில் வர வேண்டும், கண் கூச வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும். காலையைத்தான் பை வாங்கிக்கொண்டதே! மாலையில் வந்த தம்பதியருக்கு மேற்கு வெயில் முகத்தில் அழகாக விழுகிறது, பின்னால் ஒரு வயல் பூவும் முதுகைக் காட்டி நிற்கிறது.

இரவுச் சாப்பாடு பிரானூர் பார்டரில். வெளிநாட்டுத் தேனிலவுக்கு வழியில்லாதவர்கள் கவனிக்க: ஒரு காலத்தில் இது வெளிநாட்டு வாசல்தான். செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை புளியரைக்கு மேற்கே போய்விட்டது, பார்டர் என்ற பெயர் மட்டும் பரோட்டாக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. இலையில் பிய்த்துப் போட்ட பரோட்டா, மேலே சால்னா, பக்கத்தில் நாட்டுக்கோழியோ காடையோ. நாள் முழுக்கப் பேசாமல் சேர்த்துவைத்த கணக்கு இங்கேதான் தீர்கிறது. அவள் தலை இன்னும் ஈரம், அவனுக்கு இன்னும் இரண்டு பரோட்டா வேண்டும். ஊடல் மருதத்துக்குரியது, சிற்றாற்றுப் பாசனத்து நெல்வயலும் பக்கத்திலேயே இருக்கிறது.

கருதுகோளுக்கு எதிரான சான்று ஒன்றும் உண்டு. நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். குற்றாலத்துப் பழக்கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டானோடு துரியனும் வரும். அதைத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. ஊரில் காத்திருக்கும் மாமியாரின் நம்பிக்கை இன்னும் உறுதியானது. ஆகவே விலையைப் பார்க்காமல் ஒன்று வாங்கிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறுகிறார்கள். அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டு, அவனுக்குக் காசு. கண்டக்டர் சீட்டுக் கிழிக்கும்போதே மூக்கைச் சுளிக்கிறார். பழம் நன்றாகப் பழுத்தது. முன்சீட்டு ஆச்சி எழுந்து போகிறார், பின்சீட்டுக்காரர் எழுந்து போகிறார், நிற்பவர்கள் ஓட்டுநர் பக்கம் நகர்ந்து நெருக்கியடிக்கிறார்கள். கூட்டம் பிதுங்கும் சீசன் பஸ்ஸில் அந்த இரண்டு பேரைச் சுற்றி மட்டும் நான்கு சீட்டுக் காலி. பை இருவருக்கும் நடுவில் இருக்கிறது. அதை அவன் எடுத்துக் காலடியில் வைக்கிறான்.