தொலைமருத்துவ நாற்காலி: ராயகிரி வீடுகளில் அதற்குரிய இடம் குறித்து ஓர் ஆராய்ச்சி

எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது பாயிர மரபு. இவ்வாய்வின் எல்லை, தென்காசி மாவட்டம், சிவகிரி வட்டம், ராயகிரிப் பேரூராட்சியில் ஒரு நடுத்தர வீட்டின் வாசற்படி முதல் புறவாசல் வரை. நுதலிய பொருள், செல்போனில் டாக்டரைப் பார்க்க நாற்காலியை எங்கே போடுவது என்பது. கேட்போர், வீட்டில் இருக்கும் எல்லோரும். அவர்கள் கேட்பதுதான் சிக்கல் என்பது போகப் போக விளங்கும். பயன், சொன்ன நோய்க்கு மருந்து கிடைப்பது.

களமாக ராயகிரியைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்டையில் இருக்கும் ஊர் இது. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைமை மருத்துவமனை அங்கே. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்றால் பாளையங்கோட்டை போகவேண்டும். ராஜபாளையம் பக்கம்தான், ஆனால் அது வேறு மாவட்டம். பிரஷர் மாத்திரையை ஒன்றாக்குவதா அரையாக்குவதா என்று கேட்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறவேண்டிய ஊரில்தான் செல்போன் டாக்டருக்கு மெய்யான மதிப்பு. பஸ்ஸில் உட்கார இடம் பிடிப்பது பற்றி நம்மவருக்குப் போதிய தேர்ச்சி உண்டு. வீட்டில் இடம் பிடிப்பது பற்றித்தான் நூல் இல்லை.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். 1816இல் பாரிஸில் நெக்கர் மருத்துவமனையின் லேனெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதுவே பின்னாளில் ஸ்டெதாஸ்கோப் ஆனது. அதாவது வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் விழுந்த அந்தத் தூரம் ஒரு காகிதச் சுருளின் நீளம். விழுந்த காரணம் அந்தரங்கம். இதை நினைவில் வைக்க, பின்னால் வேண்டியிருக்கும். அடுத்து லெய்டன் நகரத்து ஐந்தோவன். அவருடைய இ.சி.ஜி. கருவி நோயாளியிடம் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கனம் இல்லை. ஆகவே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையிலிருந்து இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆய்வகத்துக்கு வரவழைத்து, அதைப் பற்றி 1906இல் எழுதினார். நம் பக்கத்தில் 2000 மார்ச்சில் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோவின் தொலைமருத்துவ மையத்தை அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கி வைத்தார். இவர்கள் எல்லோருமே கம்பியைப் பற்றியும் கருவியைப் பற்றியும் கவலைப்பட்டவர்கள். நோயாளி உட்காரும் நாற்காலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை, ஏனென்றால் நாற்காலி ஆஸ்பத்திரியுடையது.

வீட்டு நாற்காலி ஆய்வுப் பொருளானது 2020இல்தான். மார்ச் 25, ஊரடங்கின் முதல் நாள், தொலைமருத்துவ நடைமுறைக்கான வழிகாட்டி நெறிமுறைகள் வெளியாயின. ஏப்ரலில் மத்திய அரசின் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை வந்தது. செல்போன் எண்ணைக் கொடுத்து, ஓ.டி.பி. வாங்கி, டோக்கன் எடுத்து, வரிசையில் காத்திருந்து, டாக்டரைப் பார்த்து, மருந்துச் சீட்டைப் போனிலேயே பெற்று, மெடிக்கலில் நீட்டலாம். நெறிமுறைகளில் எல்லாமே இருக்கிறது. நோயாளியே அழைத்தால் அவர் சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்கிறது. முதல் தடவை காணொளியில் பார்த்தால் எந்த மருந்து எழுதலாம், நேரில் பார்த்த 6 மாதத்துக்குள் மறுபடி அழைத்தால் எதை எழுதலாம், எதை எந்நாளும் எழுதக்கூடாது என்று பட்டியல் போட்டிருக்கிறது. மருந்து எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் விடக்கூடாது என்றுகூட 2020இலேயே சொல்லிவிட்டது. சொல்லாமல் விட்டது, வீட்டு ஆச்சி எங்கே உட்காரவேண்டும் என்பதை மட்டும்.

அந்தக் குறையைத் திணை மரபின் துணையோடு நீக்க முயல்வோம். இத்திணைக்கு நிலம், கூடம். பொழுது, கரண்டு இருக்கும் பொழுது. கருப்பொருளில் தெய்வம், நகைக்கடைக் காலண்டரில் நின்ற கோலத்து முருகன்; பூ, டி.வி. ஸ்டாண்டுமேல் பிளாஸ்டிக் ரோஜா; புள், கூடத்துக்குள் உரிமையோடு வந்து போகும் கோழி; பறை, மிக்ஸி; தொழில், “ஓ.டி.பி. வந்துச்சாளா?” என்று கேட்டல். உரிப்பொருள், டோக்கன் நகரும்வரை இருத்தல். இரங்கலும் ஊடலும் சிக்னலைப் பொறுத்து இடையிடையே வரும்.

கூடத்தை விட்டால் வேறு நிலம் இல்லையா? உண்டு. திண்ணையில் வெளிச்சமும் சிக்னலும் நன்றாக இருக்கும், ஆனால் மூலவியாதியைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லமுடியாது. தெரு முழுக்கச் சொந்தம். பீரோ இருக்கும் உள்ளறையில் அந்தரங்கம் கிடைக்கும், டாக்டர் கிடைக்கமாட்டார்; தடித்த சுவரும் இரும்புப் பீரோவும் சேர்ந்து சிக்னலை வாசலிலேயே நிறுத்திவிடும். மொட்டை மாடியில் டவர் கண்ணுக்கே தெரியும். ஆனால் குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்று மைக்குக்குள் புகுந்துகொண்டால் டாக்டர் காதில் நோயாளி பேசுவது விழாது, மலை பேசுவதுதான் விழும். இவற்றை ஒப்பிட்டு நோக்கியதில் கிடைத்ததை ராயகிரித் தேற்றம் என்று அழைக்கலாம்: ஒரு வீட்டில் சிக்னல் எங்கே கூடுகிறதோ அங்கே ஆளும் கூடும். நிறுவல் எளிது. கல்லூரிக்குப் போகும் பேத்தி ரீல்ஸ் பார்ப்பதும், துபாயில் இருக்கும் மகனோடு பெரியம்மா பேசுவதும், மாமா எலுமிச்சை விலையைப் புளியங்குடிக்குப் போன் போட்டு விசாரிப்பதும் அதே இடத்தில்தான். கிளைத்தேற்றம்: ஆளில்லாத இடத்தில் டாக்டரும் இல்லை.

இனி ஒளியியல். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவது நம் வீடுகளில் வழக்கம், காற்று வரும் என்பதால். கேமரா வெளியே இருக்கும் வெயிலுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நோயாளி கருநிழலாகத் தெரிவார். ஜன்னலைப் பார்த்து உட்காரவேண்டும், போனைக் கண் மட்டத்தில் வைக்கவேண்டும். மடியில் வைத்துப் பேசினால் டாக்டருக்குக் கிடைப்பது மூக்குத் துவாரமும் மின்விசிறியும்தான். அடுத்தது சுவர். கிளிப்பச்சை, ரோஸ், ஊதா என்று துணிந்து வண்ணமடிக்கும் ஊர்களில் இதைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம். வண்ணச் சுவர் தன் நிறத்தை முகத்தின் மேலும் கொஞ்சம் எறிகிறது; நிறத்தைத் தானே திருத்தும் கேமராவோ சுவரைப் பார்த்துக் குழம்பி முகத்தைத் திருத்துகிறது. மஞ்சள்காமாலையைக் கண்ணின் வெள்ளையில் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும் என்பது மருத்துவ மாணவர்கள் ஆரம்பத்திலேயே படிப்பது. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் காமாலைக்காரரும் மற்றவரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று போனுக்குள்ளேயே இருக்கிறது. பல போன்களின் முன்கேமராவில் முகத்தை வழவழப்பாக்கும் அழகூட்டி இருக்கிறது. பேத்தி அதைப் போட்டுவைத்திருப்பாள், எடுக்கமாட்டாள். அரிப்பும் தடிப்புமாக வந்த ஆச்சியை அது நொடியில் குணமாக்கிவிடும். “தோலு நல்லாத்தானம்மா இருக்கு” என்று டாக்டர் சொன்னால் தவறு அவருடையது அல்ல. தோல் நோய்க்குப் பின்கேமரா, அழகூட்டி அணைந்திருக்கவேண்டும். குற்றாலத்தில் தலையில் எண்ணெய் வழிய நின்று எடுத்த படத்துக்கு அழகூட்டி இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓசையியலைச் சுருக்கிக்கொள்கிறேன். குக்கர் விசில், கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர், பழைய இரும்புக்கு வெங்காயம் தரும் வண்டியின் மைக் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதது ஒன்றுண்டு. இரைச்சலை அமுக்கும் மென்பொருள் பேச்சை வைத்துக்கொண்டு மற்ற ஓசையைத் தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளுபடியில் இருமலும் போய்விடுவது உண்டு. டாக்டர் கேட்க வந்ததே இருமலைத்தான். போனுக்கு நெருக்கமாக, மின்விசிறியை நிறுத்திவிட்டு இருமிக் காட்டவேண்டும்.

நாற்காலி என்று தலைப்பு வைத்துவிட்டு நாற்காலியைச் சொல்லாமல் போகக்கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியே போதும், ஆனால் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு உட்காரவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள். வீட்டிலேயே மெஷின் வாங்கி வைத்திருப்போரும் உண்டு. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டோ, கால்மேல் கால் போட்டோ, பேசிக்கொண்டோ பார்த்தால் அளவு கூடிக் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா இருந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கப் பார்க்கவேண்டும். சீரியல் ஓடும்போது எடுத்த அளவு ஆச்சியுடையதா, சீரியல் மாமியாருடையதா என்று பிரித்தறிய இன்றைய அறிவியலில் வழியில்லை.

இனி ஆய்வின் நடுப்பகுதி. வீட்டுக் காணொளியில் நோயாளி ஒருவர் அல்லர். முன்னால் உட்கார்ந்திருப்பவர் முகம் மட்டும். குரல் பின்னாலிருந்து வரும். இதைப் பின்குரல் என்போம். “எத்தனை நாளா வலி?” என்று டாக்டர் கேட்கிறார். “நேத்துதான் சார்” என்கிறார் தாத்தா. “பங்குனிப் பொங்கல்ல இருந்தே டாக்டர், அவுக சொல்லமாட்டாக” என்கிறது பின்குரல். “இனிப்பு சாப்பிடுறீங்களா?” “தொடுறதே இல்ல.” “நேத்து அதிரசம் யாரு தின்னா?” என்கிறது இன்னொரு பின்குரல், இதன் வயது ஏழுக்குள். எந்த ஸ்கேன் மையத்திலும் இந்தக் கருவி கிடையாது. நோயாளி சம்மதித்தால் பராமரிப்பாளர் ஒருவர் உடனிருக்கலாம் என்று நெறிமுறைகள் இடம் தருகின்றன. ஒருவர் என்று நினைத்து எழுதினார்கள். நம் கூடம் அதைப் பெருந்தன்மையோடு பன்மையாக வாசித்துக்கொண்டது. அப்படியும் சொல்கிறேன், அறுபது தாண்டியவரின் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மறதிக்கும் பின்குரல் வேண்டும். ஒன்று போதும்; அதுவும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருடையதாக இருக்கட்டும்.

ஆனால் அதே கூடத்தில் மருமகள் உட்கார்ந்தால் கதை வேறு. மாதவிலக்குக் கோளாறு, வெள்ளைப்படுதல், தூக்கமில்லாத இரவு, கை ஓங்கும் கணவன் ஆகியவற்றில் எதுவும் மாமியாரின் காதுபடக் கூடத்தில் வெளிவராது. “ஒண்ணுமில்ல சார், தலவலிதான்” என்பாள். டாக்டர் தலைவலிக்குப் பாரசிட்டமால் எழுதுவார். மருந்து சரி, நோய்தான் வேறு. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய மனநல உதவி எண்ணான 14416ஐ அழைக்க நினைப்பவர் முதலில் தேடவேண்டியது எண்ணை அல்ல, கதவை. லேனெக்கின் காகிதச் சுருளை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்: அங்கே கூச்சம் ஒரு கருவியைத் தந்தது, இங்கே கூச்சம் ஒரு பொய்யைத் தருகிறது. ஆகவே எனது துணிபு, பேச்சின் முதல் பாதி பின்குரலோடும் பின் பாதி தனியாகவும் நடக்கவேண்டும். பின் பாதிக்குக் காதில் ஹெட்போன் வேண்டும். டாக்டரின் கேள்வியாவது வெளியே கேட்காது, ஆமாம் இல்லை என்று பதில் சொன்னால் போதும். “பக்கத்துல யாரு இருக்கா?” என்று டாக்டர் கேட்பதையும் வழக்கமாக்கவேண்டும்.

டாக்டர் பக்கத்து நாற்காலி பற்றி ஒரு வார்த்தை. அவரும் வீட்டிலிருந்து பேசுவது உண்டு. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி என்பது பொதுவாக ஊகிக்கப்படுவது. அது நோயாளியைப் பாதிப்பதாகச் சான்று இல்லை. பாதிப்பது வேறு. அவர் திரையில் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார், கேமரா மேலே இருக்கிறது. “டாக்டர் என்னைய நிமிந்தே பாக்கல” என்று இங்கே ஆச்சி குறைப்படுகிறார். டாக்டர் முதுகுக்குப் பின்னால் கதவு இருக்கக்கூடாது, சுவர் இருக்கவேண்டும்; கதவு இருந்தால் யாரோ நடந்து போவது தெரியும், மருமகள் வாயை மூடிக்கொள்வாள். பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்கவேண்டும் என்பது விதி. பின்னாலிருக்கும் தடித்த புத்தகங்கள் விதியில் இல்லை, இருந்தால் மெடிக்கல்காரர் உட்பட அனைவருக்கும் நம்பிக்கை. அவர் வீட்டிலும் மிக்ஸி உண்டு என்பதை மட்டும் எந்த ஆய்வும் இல்லாமலே ஒப்புக்கொள்ளலாம்.

முடிபு இதுதான். ராயகிரி வீட்டில் நாற்காலிக்குரிய இடம், கூடத்து ஜன்னலுக்கு எதிரே, சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் இருந்தால் அதன் முன்னால்; நேரம், டி.வி. அணைந்திருக்கும் காலைப் பத்து மணிக்கு மேல். வீட்டார் பின் பாதிக்குப் புறவாசலில். அப்படியும் நேரில் பார்க்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் கேளுங்கள். நேரில் வரத் தயாராக இருப்பவரைக் காணொளியிலேயே பார் என்று வற்புறுத்துவது தவறு என்று அதே நெறிமுறைகள் டாக்டரிடம் சொல்லியிருக்கின்றன. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பாம்புக்கடி என்றால் இந்தக் கட்டுரை முழுவதும் செல்லாது. நாற்காலியும் ஜன்னலும் தேடவேண்டாம், 108ஐ அழையுங்கள்.