தனிக்குடித்தனக்காரி

இலைவெட்டித் தேனீ கூட்டுக்குடும்பத்துக்கு ஒத்துவராத பிறவி. ராணி, வேலைக்காரிகள், ஆயிரக்கணக்கில் சகோதரிகள் என்ற மலைத்தேனீயின் ஏற்பாடெல்லாம் அவளிடம் செல்லாது. மனை பார்ப்பது, கட்டுவது, சாமான் சேர்ப்பது, பிள்ளை பெறுவது எல்லாம் ஒருத்தியே. ரோஜா, துவரை இலைகளில் கைவைப்பதில் பேர்போனவள் மெகாக்கைலி ஆந்த்ராசினா. 1853-ல் ஃபிரெடரிக் ஸ்மித் வைத்த பெயர் அது. வாளையாறு, அட்டப்பாடி, மறையூர், குமுளி என்று கேரள எல்லையோர ஊர்களில் ரோஜா வளர்ப்பவர்களுக்கு இலைவெட்டிகளின் கைவரிசை தெரியும், ஆளைத்தான் தெரியாது.

இலை விளிம்பைக் கால்களால் பற்றி, தாடையால் வெட்டிக்கொண்டே உடம்பைச் சுழற்றுவாள். சில நொடிதான். வெட்டு முடியும் தறுவாயிலேயே சிறகடிக்கத் தொடங்கிவிடுவாள். இல்லாவிட்டால் துண்டோடு அவளும் விழவேண்டியதுதான். சுவருக்கு நீள்வட்டம், மூடிக்கு வட்டம். ஒரு துணுக்குகூடத் தின்பதில்லை. சுமை இறக்குவதை வேடிக்கை பார்ப்பவருக்கும் அழவேண்டிய நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடைசெய்தது. அந்தத் தடை அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை. வயிற்றுக்கடியில் துண்டை இடுக்கிக்கொண்டு தானே பறந்துவிடுவாள்.

வீடு என்பது உளுத்த மரத்துளையோ, பொள்ளல் குச்சியோ. இலையால் ஓர் அறை, அதில் தேன் பிசைந்த மகரந்தம், மேலே ஒரே முட்டை, மூடி. பிறகு அடுத்த அறை. கருவுற்ற முட்டை பெண், கருவுறாதது ஆண், முடிவு அவளுடையது. உள்ளறைகள் பெண்களுக்கு, வாசலை ஒட்டியவை ஆண்களுக்கு. முதலில் வெளியே வரும் ஆண்களுக்குப் பெண்களுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை. அவள் வெளியே போன நேரம் பார்த்து, சீலியாக்ஸிஸ் என்ற குயில் தேனீ உள்ளே நுழைந்து தன் முட்டையைச் செருகிவிடுவதுண்டு. அதன் புழு வீட்டுக்காரியின் பிள்ளையைத் தீர்த்துவிட்டுச் சேமிப்பைச் சாப்பிடும். தனிக்குடித்தனத்தில் காவலுக்கு ஆள் ஏது!

மகரந்தத்தைக் காலில் கட்டிக்கொள்ளாமல் அடிவயிற்று மயிரில் அப்பிக்கொள்வது இவள் வழக்கம். 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற அட்டப்பாடித் துவரைக்கு இத்தகைய வயிறு வாய்ப்பானது. இலைவெட்டி உட்கார்ந்து அமுக்கினால், பூவின் அடியிதழ்கள் இறங்கி, சூலகமுடியும் மகரந்தமும் நேரே அடிவயிற்றில் உரசும். துவரை தன்னாலேயே காய்க்கக்கூடியதுதான். ஆனால் செடிவிட்டுச் செடிக்கு மகரந்தம் போக வேண்டுமானால் இவளைப் போன்ற ஆள் வேண்டும். போகிறபோக்கில் அதே செடியின் இலையிலும் ஒரு வட்டம் வெட்டிக்கொள்வாள்.