பின்வளவில் சிலம்பம்

கேள்வி: கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு வீட்டுப் பின்வளவிலேயே சிலம்பம் பழகலாமா?
– ஒரு வாசகி, டோர்செட் பார்க், ஸ்காபரோ

பதில்: தாராளமாகப் பழகுங்கள், அக்கா! ஆனால் கம்பை எடுக்குமுன் வளவை அளந்துவிடுங்கள். சிலம்பக் கம்பு பொதுவாக ஆடுபவரின் நெற்றியைத் தொடும் உயரம். அதோடு கையும் நீளும்போது, சுற்றிவர பத்தடியாவது வெறுமையாக இருக்கவேண்டும். பக்கத்து வீட்டுத் தக்காளிச் செடிக்குத் தற்காப்புக் கலை தெரியாது! தலைக்குமேல் மின்கம்பி இருந்தால் அந்த இடமே வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியை மறந்துவிட்டு, அருகிலுள்ள தாம்சன் மெமோரியல் பூங்காவின் புல்வெளிக்குப் போங்கள்.

ஜூன் கடைசியில் டொராண்டோவில் சூரியன் மறைய இரவு 9 மணியாகும். ஆகவே மத்தியான வெயிலில் வாடாமல் 7 மணிக்குத் தொடங்குங்கள். முதல் சில நாள் காலடி வரிசை மட்டும் போதும். கால் பழகாமல் கம்பு சுழன்றால் அடி விழுவது சொந்த முழங்காலில்தான். தனியாக வீடியோ பார்த்து மோதல் பழகவேண்டாம். அதற்கு ஆசான் பக்கத்தில் நிற்கவேண்டும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. உங்கள் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள்.